அண்ணனின் வால்வு

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பி. அவனுக்கு வலப்பக்கம், சமையலறை வாசலை ஒட்டி, அவன் மனைவி. எதிரே, கையில் பென்சிலும் தாளுமாக அண்ணி. நான்காவது நாற்காலி அண்ணனுடையது. அண்ணன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அதில் யாரும் உட்காரவில்லை.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அண்ணி கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தே தலை நரைத்தவள். ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

டிக். டிக். டிக்.

"கேக்குதா?" என்றாள் தம்பி மனைவி.

"செவிடா நான்?" என்றான் தம்பி. ஊரில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் அவன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிவிட்டான். சுவிட்ச் போர்டுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டான். கடைசியில் மெயினையே இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. "பல்லியா இருக்கும் அண்ணி."

"மூச்சு விடாம கத்துற பல்லியை நீ எங்க பார்த்த?"

மூன்று பேருக்கும் அது என்ன சத்தம் என்று தெரியும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதயத்தின் இடப்பக்கக் கீழறை ரத்தத்தை அழுத்தித் தள்ளுகிறது. அது பெருந்தமனிக்குள் ஏறி உடம்பெல்லாம் பாய்கிறது. அந்த வாசலில் ஒரு கதவு உண்டு. அதற்கு மூன்று இதழ்கள். ரத்தம் போகும்போது விரியும், போனது திரும்பி வராதபடி மூடிக்கொள்ளும். அண்ணனுக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். அவை வருஷக்கணக்கில் அடிபட்டு, சுண்ணாம்பாக இறுகி, வாசல் குறுகிப்போய், ஒருநாள் கடைத்தெருவில் மயங்கி விழுந்தார். மார்பைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். மூடும்போதெல்லாம் அது டிக் என்றது.

அதற்கப்புறம் அண்ணனால் எதையும் மறைக்க முடியவில்லை. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு விழுந்தால் மார்பு குதிரையாக ஓடும். எதிரில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். கோபம் வந்தால் வாய் திறக்கும் முன்பே வால்வு திட்ட ஆரம்பித்துவிடும்.

டாக்டர் அன்றைக்கே சொன்னார்: "இது குடும்பத்துல ஓடும். கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க." அண்ணன் தம்பியின் மார்பில் ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டிச் சொல்லுவார்: "போய்ப் பாருடா. கேட்டியா? கேட்டியா?" தம்பி சிரித்துவிட்டுப் போய்விடுவான். தனக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போன மகளிடம் அண்ணன் பேசவே இல்லை. அண்ணி பேசப் பார்த்தாள். மகள் போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. வால்வில் கிருமி பிடித்து, அண்ணன் போய்ச் சேர்ந்தார். வால்வும் அவர் மார்போடேயே போயாயிற்று.

"இடம் மாத்தி உட்காருங்க," என்றாள் அண்ணி.

தம்பியும் மனைவியும் மாறி உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் சத்தம் நின்றது. சமையலறை வாசலில் கேட்டது.

அண்ணி குறித்துக்கொண்டாள். "இப்ப நீ இங்க வா தம்பி."

சத்தம் எழுந்து, மேசையைச் சுற்றி, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

பென்சில் முனை உடைந்தது.

"உன் கூடவே வருதுப்பா," என்றாள், குரலை இறக்கி. "அவர் எதுக்கு வர்றார்னு உனக்குத் தெரியும். எத்தனை தடவை கெஞ்சிட்டேன். ஏணியில ஏறினா உனக்கு மூச்சு வாங்குதா இல்லையா?"

"தொப்பைக்கு மூச்சு வாங்காதா அண்ணி? செத்தும் என்னை விடமாட்டாரா அவரு?" தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மாடியில ஏதோ ஆடுது. பார்த்துட்டு வர்றேன்."

"சொன்னா கேக்குற ஜென்மமா இது," என்று அவன் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தம்பி இருட்டில் படி ஏறினான். டிக் டிக்கென்று சத்தமும் கூடவே ஏறியது. கீழே களிம்பின் வாடை வந்தது. மார்பில் தையல் போட்ட இடத்தில் அண்ணன் தடவிக்கொள்வாரே, அந்தக் களிம்பு. டப்பாவை அண்ணி எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள்.

சத்தம் வேகமானது.

இன்னும் வேகமானது.

அண்ணிக்கு அந்த வேகம் தெரியும். அது கோபம்.

பாதிப் படியில் தம்பியின் காலடி நின்றது. சத்தமும் நின்றது.



பிறகு, மூட்டை சரிவதுபோல் ஒரு ஓசை.

இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தம்பி சுவரில் சாய்ந்து கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. நெற்றியில் வேர்வை குளிர்ந்திருந்தது. அண்ணி அவன் மார்பில் காதை வைத்தாள். உள்ளே இதயம் அடித்தது. ஆனால் ஒவ்வொரு அடியோடும் கரகரவென்று ஒரு இரைச்சல், மடங்கிய ரப்பர் குழாயில் தண்ணீர் முட்டிமோதிப் போவதுபோல. ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணனின் மார்பும் இப்படித்தான் இரைந்தது.

டிக்.

அது தம்பியின் மார்பிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள் தம்பி மனைவி. "சட்டையைப் பாருங்க."

தம்பியின் சட்டை, மார்புக்கு நடுவே, ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தட்டு.

தம்பி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். சின்னப் பையனைப்போல் அவன் முகம் கோணியது.

"போறேன்ணே," என்றான். "நாளைக்கே போறேன். தட்டாதண்ணே."

தட்டுவது நின்றது.

மறுநாள் ஸ்கேனில் தெரிந்தது: இரண்டே இதழ். வாசல் பென்சில் நுழையும் அளவுகூட இல்லை. "இத்தனை நாள் ஏணியில ஏறிட்டிருந்தீங்களா?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார். தம்பியைப் படுக்கையிலேயே வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் அண்ணிக்கு ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்பனுக்கு ஒரு பிடிவாதம், மகளுக்கு அதற்கு மேல் ஒரு பிடிவாதம், நடுவில் மாட்டிக்கொண்டு அல்லாடுவது இவள். இன்னொரு முறை போன் போட்டாள். எடுக்கவில்லை. தாளை எடுத்து மேசையில் உட்கார்ந்தாள்.

"அம்மாடி, திட்டுறதுக்காக எழுதல. கிழிச்சிடாம படி. உன் நெஞ்சை ஒரு டாக்டர்கிட்ட காட்டு. உங்க சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கு இருந்ததேதான். உன் பிள்ளைக்கும் பார்த்துடு. அப்பா உன்னைத் தேடுறார்." கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்கவில்லை. உறையில் போட்டு, பசை தடவி, அழுத்தி ஒட்டினாள்.

கவுண்டரில் இருந்தவர் அவளோடு வேலை பார்த்தவர். உறையைத் தராசில் வைத்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார்.

"என்னக்கா, உள்ள வாட்ச் வெச்சிருக்கீங்களா? வாட்சுன்னா பார்சல்ல போடணும்னு உங்களுக்கே தெரியுமே."

"வெறும் காகிதம்தான்."

"சத்தம் கேக்குதே?"

அண்ணி உறையைக் காதருகே கொண்டுபோனாள். கோபமில்லை. நல்ல சீட்டு விழுந்தபோது ஓடும் அந்த ஓட்டம்.

உறையை மறுபடி தராசில் வைத்தாள்.

"முத்திரை குத்துங்க," என்றாள். "அவசரமா போகணும்."

அவர் குத்தினார். உறையைத் தபால் பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டி, சீல் வைத்து, வண்டிக்காரனிடம் தூக்கிக் கொடுத்தார்.

அவன் அதை முதுகில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, பையின் துணி ஓரிடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, உள்ளிருந்து புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.