ஆறாவது ஊசி

"ஐயோ!"

ருக்ஸானாவின் அலறல் கீழே தெருவரை கேட்டது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட் பக்கத்தில், ஒரு மாடியில் அவளுடைய அக்குபங்சர் கிளினிக். உள்ளறைக் கட்டிலில் ஞானையா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இடுப்பு வலிக்காக இன்றுதான் முதல் முறை வந்தவர்.

இனி வலிக்காது!

அவர் கையை விடாமல் மனைவி சுந்தரபாய்.

வந்ததும் வராததுமாக இன்ஸ்பெக்டர் கோமதிசங்கர் ருக்ஸானாவைத்தான் பிடித்தார்.

"என்னம்மா செஞ்சே?"

"எல்லாருக்கும் செய்யுததுதான் சார். சாப்பிட்டீங்களா, என்ன மாத்திரை எடுக்கீங்கன்னு கேட்டேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அப்புறம் லேசா கனக்கும், தூக்கம் வரும்னு சொன்னேன். கையிலயும் காலுலயும் அஞ்சு ஊசி போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தா..."

"அஞ்சா?"

குனிந்து பார்த்தார்.

ஞானையாவின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே... ஆறாவது ஊசி!

"அது நான் போடல சார்!"

"அப்ப ரூம்ல வேற யாரு இருந்தா?"

"நாந்தான்யா."

சுந்தரபாய்!

"நாந்தான் கொன்னுட்டேன்!"

ஏட்டு இசக்கிப்பாண்டி முன்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லாத்தான் தூங்குனாவ. திடீர்னு மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு... அப்புறம் சத்தமே இல்ல. தட்டுனேன், உலுக்குனேன்... எந்திரிக்கல. மொத தடவ சிலருக்கு மயக்கம் வரும், மூக்குக்குக் கீழ ஒரு ஊசி போட்டா தெளிஞ்சிரும்னு இந்தப் பிள்ளை சொல்லியிருந்துச்சு. தட்டுல ஊசி கெடந்துச்சு. எடுத்துக் குத்திட்டேன்யா! ஊசின்னாலே பயப்படுத மனுஷன்... வரமாட்டேன்னவுகள நாந்தான் இழுத்துட்டு வந்தேன். நானே கொன்னுபுட்டேன்... ஏசப்பா!"

ருக்ஸானா அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்தாள்.

"அம்மா... இங்கன பாருங்க. நான் போட்ட அஞ்சு ஊசியச் சுத்தியும் தோல் செவந்திருக்கு. உடம்புல ரத்தம் ஓடுனாத்தான் அப்படி செவக்கும். நீங்க போட்ட எடத்துல..."

சிவக்கவே இல்லை!

"நீங்க குத்துததுக்கு முன்னாலயே ஐயா போயிட்டாங்கம்மா. நீங்க கொல்லல."

அரசு டாக்டர் வந்து பார்த்தார். அவரும் தலையாட்டினார்.

"ஹார்ட் அட்டாக் மாதிரிதான் தெரியுது. போஸ்ட்மார்ட்டத்துல உறுதியாயிரும்."

சுந்தரபாய் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப... நான் அவ்வளவு கூப்பிட்டேனே... ஒண்ணுகூட அவுகளுக்குக் கேக்கலையா?"



ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள்.

"மெதுவாய்யா... ஊசி அழுந்திரப் போவுது!"

அவள் பின்னாலேயே படியிறங்கினாள்.

ஏட்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார்... அந்தம்மா மேல எந்த செக்ஷன்ல எழுத?"

கோமதிசங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புருஷன எழுப்புனதுக்கெல்லாம் செக்ஷன் கெடையாதுவே... இருந்தா எம் பொண்டாட்டி தெனம் காலைல ஜெயிலுக்குப் போவா!"