படுக்க வைத்து எடுத்த அளவு

சாவியைக் கொடுத்தபோது வீட்டுச் சொந்தக்காரர் றோசம்மா ஒன்றை மட்டும் சொன்னார். மழையில்லாத நாளிலும் கூடத்தில் ஈரப்பாய் மணக்கும், சன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும் என்று.

சுபத்திரா எல்லாச் சன்னல்களையும் திறந்தாள். கடற்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. மணம் போகவில்லை. பழைய வீடுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, மகள் கயலைக் கூடத்தின் நடுவில் போர்வை விரித்துக் கிடத்தினாள்.

கணவன் முகிலனுக்கு இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலை வேலை. அதற்காகத்தான் காரைக்குடியை விட்டு வந்தார்கள். அவன் விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

கயலுக்கு நான்கு வயது. கழுத்து நிற்காது, தானாக உட்கார முடியாது, பேச்சும் இல்லை. படுத்தபடி ஊட்டினால் புரையேறும். போன வருடம் அப்படித்தான் சோறு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் கண்டு, பிழைத்தது பெரும்பாடாகிவிட்டது. இன்னொரு தடவை பிள்ளை தாங்காது, நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரில் அவள் உடம்புக்கென்றே பிளைவூட்டில் வெட்டிச் செய்த நாற்காலி இருந்தது. விமானத்தில் அதை ஏற்ற விடவில்லை.

காரைக்குடியென்றால் தெருமுனைக் கடையில் நாற்காலியின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். இங்கே எந்தக் கடையில் எதைக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பலகைக் கடைகளில் முழுப் பலகைதான் விற்றார்கள். வளைவு, பிறை என்றதும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒருவர் தச்சர் அருளப்பனின் பட்டறையைக் காட்டிவிட்டார்.

அருளப்பன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"பலகை வெட்டவோ தங்கச்சி இந்தியாவில இருந்து வந்தனீங்கள்?"

பிறகு அவள் தோளில் தலை தொங்கக் கிடந்த கயலைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"அளவை மட்டும் சரியாத் தாங்கோ. வெட்டுறது என்ர பொறுப்பு."

அன்று மாலையே கூடத்துத் தரையில் காக்கித்தாளை விரித்து, அதன்மேல் கயலைப் படுக்க வைத்து, உடம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தாள். முதுகு, இடுப்பு, தொடை. சாப்பாட்டுப் பலகை வயிற்றை அணைத்தபடி வர வேண்டும் என்பதால் அந்தப் பிறை வளைவையும் கவனமாக வரைந்தாள். ஒவ்வொரு கோட்டையும் மறுபடி சரிபார்த்தாள். எதைச் செய்தாலும் தப்பாகத்தான் செய்திருப்போம் என்ற பயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

முச்சக்கர வண்டியில் நாற்காலி வந்தது. நல்ல வேலை, எந்த விளிம்பிலும் சிராய் இல்லை.

கயல் அதற்குள் போகவில்லை.

எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் குறைவாக இருந்தது. சுபத்திரா தன்னைத்தான் நொந்துகொண்டாள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்திருப்பேன், பிள்ளை அசைந்திருப்பாள். மறுபடி தாள் விரித்தாள். இந்தத் தடவை முகிலனும் கூட இருந்து பார்த்து, சரி என்றான். தாளைச் சுருட்டிக் கூடத்து மூலையில் வைத்தாள். காலையில் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது நாற்காலியும் அதே இரண்டு விரல் குறைந்து வந்தது.

அதையும் கயலையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அருளப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆணியில் தொங்கிய தாளை இறக்கி நாற்காலியின் பலகைமேல் விரித்தார். கோடும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. சுபத்திரா அதே தாளைக் கயலின் முதுகில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பிள்ளையின் உடம்பு கோட்டைத் தாண்டி நின்றது.

அது அவள் கையால் இழுத்த கோடுதான். ஆனால் அது கயல் இல்லை.

அருளப்பன் தாளை எங்கே வைத்து வரைந்தாள் என்று கேட்டார். கூடத்துத் தரையில் என்றாள். அவர் குரல் தாழ்ந்தது.

"பிள்ளையைப் படுக்க வச்சோ அளவெடுத்தனீங்கள்?"

"ஆமாண்ணே. அவளால உட்கார முடியாதே."

"இஞ்ச ஆரும் அப்பிடிச் செய்யாயினம், தங்கச்சி. சீவனுள்ள ஆக்களை நிமித்தி வச்சுத்தான் அளக்கிறது. படுக்க வச்சு அளக்கிறது சவப்பெட்டிக்கு மட்டும்தான்."

அவள் அந்த நாற்காலியோடு வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழக்கமாக வாசலில் நிழலுக்கு ஒதுங்கும் கழுதைகள் வேலிக்கு அப்பால் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. கூடத்துச் சுவரோரம் இருந்த முதல் நாற்காலி இப்போது நடுவில் இருந்தது. கயலைப் படுக்க வைத்த அதே இடத்தில்.

ஈரப்பாய் மணம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

சுபத்திரா குனிந்து இருக்கைப் பலகையைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

அவள் கயலை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த வளவில் குடியிருந்த றோசம்மாவிடம் ஓடினாள். சொன்னதையெல்லாம் றோசம்மா கேட்டுக்கொண்டார். வியப்படையவில்லை. சண்டைக் காலத்தில் தீவுக்குப் பாதை அடைபட்டிருந்தபோது அவருடைய மகள் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயது. ஒரு தச்சர் வந்து அந்தக் கூடத்தில் பிள்ளையைக் கிடத்தி அளவெடுத்துக்கொண்டு போனார். ஒரு துண்டுப் பலகைகூட எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் பாயில் சுற்றித்தான் அடக்கம் செய்தார்கள்; அன்று மழையும் பெய்தது.

"அளவெடுத்தாச்சு, பெட்டி வரேல்ல," என்றார் றோசம்மா. "என்ர டிலோஜினி இன்னும் வழி பாத்துக்கொண்டு இருக்கிறாள் போல, பிள்ளை."

மறுநாள் இரண்டு சின்ன நாற்காலிகளையும் அருளப்பனிடமே கொண்டுபோனார்கள். அவர் அவற்றைக் கழற்றி அந்தப் பலகைகளாலேயே ஒரு சின்னப் பெட்டி அடித்தார். சேமக்காலையில், பிள்ளையைப் புதைத்த இடத்தில், பெட்டியை இறக்கி மண் போட்டார்கள். றோசம்மா மெழுகுதிரி கொளுத்தினார். பழைய மழை நினைவுக்கு வந்ததோ என்னவோ, அது அணையும்வரை கையால் காற்றை மறைத்தபடியே இருந்தார்.

மூன்றாம் தடவை றோசம்மா கயலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, சுபத்திரா அளவெடுத்தாள். நாற்காலி வந்தது. கயல் அதற்குள் பொருந்தி உட்கார்ந்தாள். தலை பின்பலகையில் நின்றது. பிறை வளைவு வயிற்றை அணைத்தது. குழைத்த சோற்றை முதல் கரண்டி ஊட்டிவிட்டுச் சுபத்திரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

புரையேறவில்லை.

அன்றிலிருந்து கூடத்தில் மணமும் இல்லை. கயலின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. முகிலன் காரைக்குடிக்குப் படம் அனுப்பினான். கழுதைகள் மறுபடி வாசலுக்கு வந்தன.

ஒரு நண்பகல், வழக்கம்போல மீன் குழம்பு விட்டுச் சோற்றைக் குழைத்து எடுத்து வந்தாள். கயல் வாயைத் திறக்கவில்லை. கரண்டியால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை இறுக மூடிக்கொண்டாள். மதியம் போயிற்று. மாலையும் போயிற்று. தண்ணீர்கூட இறங்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கயலின் கண்கள் இடப்பக்கம் பார்த்தன.

சுபத்திராவும் பார்த்தாள்.

சாப்பாட்டுப் பலகையில் கயலின் வயிற்றுக்கு வெட்டிய பிறைக்குப் பக்கத்தில் இன்னொரு பிறை இருந்தது. அதே வழுவழுப்பு, அதே மெருகு. காலையில் துடைத்தபோது அது இல்லை. தரையில் ஒரு பொட்டு மரத்தூளும் இல்லை.

விரல்களை வைத்துப் பார்க்கத் தேவையில்லை. எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியும்.

சன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஈரப்பாய் மணத்தது.

"கயல் பசியா இருக்கா, டிலோஜினி," என்று யாருமில்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "அவளச் சாப்பிட விடு."

மகள் வாயைத் திறக்கவில்லை.

சுபத்திரா கரண்டியை அந்தச் சின்ன வளைவுக்கு மேலே, ஒரு வாய் இருக்கக்கூடிய உயரத்தில், நீட்டிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கரண்டியை யாரோ மெல்லக் கவ்வி விட்டதுபோல் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது கரண்டியில் சோறு இல்லை.

கயல் வாயைத் திறந்தாள்.