முகம் விழாத தூக்குவாளி

தூக்குவாளியின் மேல் பியூலாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டு யோவேல் அண்ணாச்சி தடக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போம்மா. போன வாரம் குடிச்ச ரசத்துக்கே நான் ஒண்ணும் திருப்பிச் செய்யல."

"வெறும் கஞ்சி அண்ணாச்சி. இதுக்குப் போயி..."

"கஞ்சியானாலும் உன் முகம் மேல இருக்கே. நான் குடிச்சி முடிக்கிறவரைக்கும் என்னையே பாத்துக்கிட்டிருப்ப."

அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. கடலில் மிதந்த அந்த மிதவைநகரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். பொருளில் படிந்த கைத்தடத்தைப் படித்து, தொட்டவரின் முகத்தை அதன் மேலேயே ஒளியாகக் காட்டும் தடக்கண்ணாடி. அது வந்தபின் திருட்டு ஒழிந்தது. கல்யாண வீட்டில் செருப்பு மாறுவது நின்றது. கூடவே, வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போகும் முருங்கைக்காயும் நின்றுபோனது. 'யாரோ' என்று ஒருவர் ஊரில் இல்லாமலே போனார். கொடுத்தவரின் முகம் பாத்திரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க, பதிலுக்கு என்ன செய்வது என்று வாங்கியவர் தவித்தார். செய்ய முடியாதவர்கள் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

அண்ணாச்சியால் செய்ய முடியாது. இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபின் அடுப்படியில் நிற்க முடியவில்லை. மனைவி லில்லி இறந்தபின் கோயில் வாசலை மிதிக்கவும் இல்லை. காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்று நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் ஆள் தேறமாட்டார் என்று நர்ஸம்மா பியூலாவிடம் சொல்லியிருந்தாள்.

"உங்களுக்காக ஜெபம் பண்ணுதேன் அண்ணாச்சி."

"யார்ட்ட? இந்த ஊர்ல பிஞ்ச செருப்புக்குக்கூட முகம் இருக்கு. அவருக்குத்தான் இல்ல. முகத்தைக் காட்டாத ஆளுக்கு நான் எதுக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்?"

பியூலா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். தூக்குவாளியோடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். பையின் மேல் எந்த முகமும் இல்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும். அத்தனை பேரின் முகமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததில் கண்ணாடி பிரித்தறிய முடியாமல் வெளுத்துப் போயிருந்தது. வாரா வாரம் பார்த்ததுதான். இன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"என்னட்டி, பையக் குடுக்க மனசில்லையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய்த் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து, போதகரிடம் காரியத்தைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே முதல் ஆளாகத் தொட்டுவிட்டுச் சபையைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் நல்லா அழுத்திப் பிடிச்சுக் குடுங்க!"

"உள்ள என்னக்கா இருக்கு?" பாடகர் குழு ராபின்சன் கேட்டான்.

"கஞ்சி."

"கஞ்சிக்கு இவ்வளவு பெரிய ஊழியமா!" என்றபடி தன் கைக்குழந்தையின் உள்ளங்கையையும் வாளியில் பதித்தான். அண்ணாச்சியோடு பழைய சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த சபைச் செயலாளர் ஜெயசிங் கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரும் பிடித்துக் கொடுத்தார்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் அதை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, பியூலா தன் வீட்டுக்குள் போய் நடுச்சுவரோரம் நின்றாள்.

"யாரு?" கதவு திறந்தது. வாளியைத் திருப்பித் திருப்பி வைக்கும் சத்தம். "யாருன்னு தெரிஞ்சாத்தானே திருப்பிக் குடுக்க?" என்று அவர் முணுமுணுத்தது மெல்லிய சுவர் வழியே கேட்டது. பிறகு கரண்டிச் சத்தம். கடைசியில், பேசிப் பழக்கம் விட்டுப்போனவரைப் போல, "யாரா இருந்தாலும்... ஸ்தோத்திரம்."

அன்றிலிருந்து தினமும் தூக்குவாளி தெருவைச் சுற்றி எல்லார் கையும் பட்டு அவர் வாசலுக்குப் போனது. அண்ணாச்சிக்கு உடம்பு தேறியது. கம்பை ஊன்றி நடக்கவும் ஆரம்பித்தார்.

மழைக்காலத்தில் பியூலா காய்ச்சலில் படுத்தாள். வெளியே கம்பு தட்டும் சத்தம் வீடு வீடாக நகர்வது படுக்கைக்குக் கேட்டது.

"ஒரு தடவை தொட்டுக் குடுங்கய்யா. யாருக்குன்னு கேக்காதீங்க."

ஜெயசிங் வீட்டு வாசலில் அந்தக் கம்பு நின்றது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். ஒரு வாளியிலிருந்து தன் முகத்தை மறைக்க, எல்லார் வாசலிலும் அண்ணாச்சி முகத்தைக் காட்டவேண்டியிருந்தது.

கதவு தட்டப்பட்டது. பியூலா மெல்ல எழுந்துபோய்த் திறந்தாள். ஆளில்லை, சுடச்சுட மிளகு ரசம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். வெள்ளை வெளிச்சம். ஒரு வாய் குடித்துவிட்டு, சுவருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "யாரா இருந்தாலும் ஸ்தோத்திரம். உப்புதான் கொஞ்சம் கூட."

"முகம் தெரியாத ஆளு குடுத்ததுக்குக் குத்தம் சொல்லாத," என்றது சுவர். "குடி."