விட்டுப்போன வார்த்தைகள்

பெடலை மிதித்ததும் தையல் மிஷின் ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை. ஊசி ஏறி இறங்கியது, துணி நகர்ந்தது, உள்ளங்காலில் இரும்பு அதிர்ந்தது, ஆனால் இத்தனை வருடமாகக் கூடவே ஓடிக்கொண்டிருந்த கடகடப்பை யாரோ நறுக்கி எடுத்துவிட்டதுபோல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சத்தமில்லை. தையல்காரி காலை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த கருவியை நகத்தால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று நன்றாகவே கேட்டது.

வீட்டில் இரண்டு மிஷின்கள், தையல் மிஷினும் காது மிஷினும். "ரெண்டுல எது உன் பேச்சைக் கேக்கும்?" என்று கணவன் கேலி செய்வான். ஒரு காய்ச்சலில் செவி போனபிறகு, மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே காது மிஷினை வாங்கினாள். கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதன் கட்டுப்பாடு முழுக்கப் போனில் இருந்தது. புதுப்பிக்கட்டுமா என்று போன் கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்பதைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். நன்றாக ஓடுவதை எதற்கு நோண்ட வேண்டும்? இன்று காலை 'பிறகு' என்பதே இல்லை. 'சரி' மட்டும் இருந்தது. அதையும் அவள் தொடவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அதுவே தன்னைத் தொட்டுக்கொண்டது. போனில் இப்படி வந்திருந்தது:

'நீண்டு ஒலிக்கும் இரைச்சல்கள் இனி உங்களைத் தொந்தரவு செய்யாது. விட்டுப்போகும் வார்த்தைகளை நாங்களே நிரப்பித் தருவோம். பழைய நிலைக்குத் திரும்ப இயலாது.'

இயலாதாம். காது என்னுடையது, முடிவு இவர்களுடையதா?

மகள் குட்டி கதவருகே வந்து நின்று வாயைப் பிளந்தாள். "அம்..." வரைக்கும் கேட்டது. பிறகு வெறும் வாய்தான். சிவந்த நாக்கும், விழுந்த பல்லின் இடைவெளியும் தெரிந்தன. ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் கூப்பிடுவதே அப்படித்தான். "சும்மா அம்மான்னா எனக்கு ஏறாதுடி, நல்லா இழுத்துக் கூப்பிடு" என்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து பழக்கிவிட்டவளே அவள்தான்.

"இழுக்காத. சாதாரணமா கூப்பிடு."

"ஏம்மா?"

"மிஷினுக்குப் பிடிக்கலயாம்."

குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாதியில் அறுந்தது. "நான் ஒளிஞ்சுக்கறேன், நீ வந்து கண்டுபிடி" என்றாள்.

"இந்தச் சட்டைய முடிச்சுட்டு வரேன், போ."

சட்டைக்குப் பிறகு இன்னொரு சட்டை வந்தது. ஈரத்துணி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் சேர்ந்து அறையில் கனத்து நின்றன. மழையோடு பொழுதும் இருட்டியது.

"குட்டி, எங்கடி இருக்க?"

"இங்கதாம்மா. வெளையாடறேன்."

எவ்வளவு தெளிவு! தோளில் சாய்ந்துகொண்டு பேசுவதுபோல் அத்தனை பக்கத்தில் கேட்டது. நிஜமாகவே கொஞ்சம் நல்லதுதான் செய்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டு அவள் காலர் தைத்தாள். நூல் மாற்றுவதற்காகப் பெடலிலிருந்து காலை எடுத்தாள். கால் தரையில் பட்டது. தரை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு, மெல்ல.

"எதையாவது போட்டுத் தட்டுறியா?"

"இல்லம்மா."

தெருவில் லாரி போகிறதாக்கும் என்று நினைத்து ஊசியில் நூலைக் கோத்தாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தைத்த துணிகளைக் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போன கணவனுக்குப் போன் போட்டாள். அவன் குரல் நேராகக் காதுக்குள் வந்தது.

"என்னங்க, இந்தக் காது மிஷின்காரங்ககிட்ட கொஞ்சம் பேசுங்களேன். என்னைக் கேக்காம எல்லாத்தையும் மாத்திட்டாங்க."

"சரி, பேசறேன். நீ கவலைப்படாத."

"மழைச் சத்தம்கூட கேக்கல. பயமா இருக்கு."

"நான் இருக்கேன்ல. நீ சொல்லு, கேட்டுட்டே இருக்கேன்."

கேட்டுக்கொண்டே இருக்கிறானா? அவனா? இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் 'வண்டி ஓட்டறேன், வை' என்கிறவன். அவள் மேசையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது. அவனிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'டவர் இல்ல. நீ என்னங்கன்னு சொன்னதோட கட் ஆயிடுச்சு. என்ன விஷயம்?'

"நான் இருக்கேன்ல," என்றது அவன் குரல், காதுக்குள்.

போனில் வந்த வரி நினைவுக்கு வந்தது. விட்டுப்போகும் வார்த்தைகளை நாங்களே நிரப்பித் தருவோம்.

"குட்டி!"

"இங்கதாம்மா."

கட்டிலுக்கடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. குளியலறையில் இல்லை.

"எங்கடி? வெளிய வா!"

"இங்கதாம்மா. வெளையாடறேன்."

அந்தக் குரலுக்குத் திசையே இல்லை. அவள் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தாள். ஒரு அதிர்வு, பின்னறைப் பக்கமிருந்து. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான்.

பின்னறையில் ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடந்தது. எலிக்குப் பயந்து, தட்டுகளைக் கழற்றிவிட்டு, தைத்த துணிகளை அதில்தான் அடுக்குவாள். கைப்பிடியை வெளியிலிருந்து இழுத்தால்தான் திறக்கும். காலையில் கணவன் எல்லாத் துணிகளையும் எடுத்துப் போய்விட்டான். உள்ளே காலி.

ஓடினாள். இழுத்தாள். ரப்பர் பிய்ந்துகொண்டு கதவு திறந்தது. சூடான வியர்வை வாடை முகத்தில் அடித்தது.

குட்டி முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. நகங்களில் ரத்தம். கதவின் உள்பக்கமெல்லாம் கீறல். கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. உதடு நீலம். வாய் முழுசாகப் பிளந்திருந்தது, சொல்லிக்கொடுத்த மாதிரியே, இழுத்துக் கூப்பிட்ட வாக்கில்.

அவள் அலறினாள். தொண்டை கிழிந்தது, நெஞ்சு அதிர்ந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. மகளை மடியில் இழுத்துப் போட்டு, மூச்சு முட்டும்வரை, விடாமல், நீளமாக அலறினாள். சுற்றிலும் ஒரே நிசப்தம்.

அந்த நிசப்தத்தில், அசையாத அந்த உதட்டுக்கு மேலே, குட்டியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்கற?"