வாயில் ஒன்றும் வைக்கவில்லை

செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி.

"மூச்சை உள்ளுக்கு இழுங்கோ... மெதுவா... வயிறு நிறையட்டும்... இப்ப வெளியிலை விடுங்கோ."

ஸ்பீக்கரில் ஐயாவின் குரல் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்த ஐயா விடவில்லை.

கசக்கும் குறிஞ்சா இலைச் சாற்றுக் கோப்பையோடு கதவைத் திறந்த ஸஜானா அப்படியே நின்றாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, காய்ந்த உதட்டோரத்தில் வெள்ளையாய் ஏதோ படிந்திருந்தது. தலைமாட்டில் முருகன் படம், அதன் கீழ்ச்சட்டத்தில் தூசி. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் காவலிருந்த இரண்டு பிள்ளைகள், ஐயா தியானத்தில் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தரம் இழுங்கோ" என்றது குரல்.

உரும்பிராயில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் 'இயற்கை நலவியல் பல்கலைக்கழகம்' என்று பெரிய பலகை. பலகையின் அளவுக்குப் பிள்ளைகள் இல்லை, மூன்று வகுப்பும் சேர்த்து நாற்பது பேர் வந்தால் பெரிய காரியம். மண் பூச்சு, நீராவிக் குளியல், எண்ணெய், மூச்சு, பட்டினி. இவை ஐந்தும்தான் மருந்து என்று சொல்லித் தந்தவர் அதை நிறுவிய தம்பிஐயா. பட்டினியின் வல்லமையைக் காட்டத் தானே கண்ணாடி அறைக்குள் படுத்து ஏழு நாள் உபவாசம் தொடங்கினார். பிள்ளைகள் முறை வைத்து இரவும் பகலும் பார்த்தார்கள். அவர் வாய்க்குள் போனது எல்லாம் வெள்ளைப் பலகையில் எழுதப்பட்டது. எழுதியதெல்லாம் ஒன்றேதான்: 'சாறு, ஸஜானா.'

மூன்றாம் நாள் விடியவில்லை அவருக்கு.

இதயத்தை அடக்கிவிடும் ஒரு தாவர நஞ்சு என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. உடம்பை எரித்தும் ஆயிற்று. வியாழக்கிழமை காலை சப்-இன்ஸ்பெக்டர் ஷெரோன் வகுப்பறையில் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சலிப்பான முகம், மெதுவான கேள்விகள்.

"சாறு பிழிஞ்சது ஆர்?"

"நான்தான்" என்றாள் ஸஜானா.

"வேற ஆரும் தொட்டவையோ?"

"இல்லை. என்ரை கையாலை மட்டும்தான் வேணுமெண்டு ஐயா சொன்னவர்."

"கோப்பை?"

"குடிச்ச உடனை கழுவிக் கவிழ்க்க வேணும். இங்கை அப்பிடித்தான் சட்டம்."

ஷெரோன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வேற என்ன வாயிலை வைச்சவர்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒண்டுமில்லை சேர்" என்றாள் நிவேதனா. தொண்டைமானாற்றிலிருந்து வரும் பிள்ளை, ஸஜானாவின் பக்கத்துக் கதிரைக்காரி. அதைச் சொல்லும்போதே தோழியின் கழுத்தில் கயிறு இறுகுவது அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லவும் வரவில்லை. "சத்தியமா ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

"சுகமில்லாமல் இருந்தவரோ?"

போஷாக்குப் பாடம் எடுக்கும் அற்புதராணி மிஸ் தொண்டையைச் செருமினார். "ரெண்டாம் நாள் சத்தி எடுத்தவர். நாடி நல்லா இறங்கினது. நாக்குக் கசக்குது எண்டவர். விளக்கைச் சுத்தி மஞ்சளா ஒளி தெரியுதெண்டும் சொன்னவர். ஆனா உதெல்லாம்... உபவாசத்திலை நல்ல அறிகுறி. கழிவு இறங்குது எண்டு அர்த்தம்."

"ஒரு மனுசன் கண் முன்னாலை செத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் நல்ல அறிகுறி எண்டு குறிச்சிருக்கிறியள்."

ஸஜானாவின் காது சுட்டது. மஞ்சள் ஒளி என்று ஐயா சொன்னபோது பதிவாளர் கஜானன் கைகூப்பி "முருகா" என்றதும், வகுப்பே மெய்சிலிர்த்து நின்றதும் கண்ணுக்குள் வந்தன. அவளும்தான் நின்றாள். அதைவிட அசிங்கம் இல்லை.

கஜானன் ஐயாவின் தங்கை மகன். சவரம் செய்யாத முகத்தோடு ஷெரோனை ஓரமாகக் கூட்டிப்போய்க் கதைத்தார். ஓரம் என்றாலும் கேட்டது. கேட்கவேண்டும் என்றுதான் கதைத்தாரோ என்னவோ.

"நான் ஆரையும் குற்றம் சொல்லேல்லை சேர். எண்டாலும் உந்தப் பிள்ளையின்ரை ஆக்கள்... எங்கடை ஆக்களிலை பழைய கோவம் இருக்கும்தானே."

ஸஜானா எழும்பினாள். நிவேதனா பாவாடையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "இரடி. இப்ப வாயைத் திறந்தியெண்டால் உனக்குத்தான் வினை."

"அஞ்சு மணிக்குத் திரும்பி வாறன்" என்றார் ஷெரோன். "தங்கச்சி, ஒரு சோடி உடுப்போடை வாரும். வெளிக்கிடேக்கை வீட்டிலை சொல்லிப்போட்டு வாரும்."

வெளியே வரும் வழியில் ஸஜானா கண்ணாடி அறையை ஒருமுறை பார்த்தாள். கட்டில் மடிக்கப்பட்டிருந்தது. ஐயாவின் பித்தளைத் திருநீற்றுச் சம்புடம் தேய்த்துக் கழுவி, பளபளவென்று யன்னலோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முருகன் மட்டும் பழைய இடத்தில், தூசியோடு.

பிற்பகல் இரண்டரை. சோனகத் தெரு.

கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது அந்தப் பை. கதவுக்குப் பின்னால் எப்போதும் இருக்கிற பைதான். இரண்டு உடுப்பு, அடையாள அட்டைகள், ஒரு போத்தல் தண்ணீர். இன்று அது கதவுக்கு முன்னால் வந்திருந்தது.

"ஆர் உம்மா சொன்னது?"

"பஸ்ஸிலை கதைக்கிறாங்களாம்." நஜ்முன்னிஸா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் கஞ்சி கொதித்தது. "நான் பள்ளிக்கூடப் பிள்ளையா இருக்கேக்கை ஊரை விட ரெண்டு மணித்தியாலம் தந்தாங்கள் மகள். இந்த முறை கொஞ்சம் முதலே வெளிக்கிட்டால் நல்லது."

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, கையில் ஒன்றுமில்லாமல் நடந்த வழியில் உம்மாவுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஊரில் வந்து குடியேறி, வீடு கட்டி, மகளைப் படிக்கப் போட்டும், வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் போத்தலைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவாள். ஒருநாளும் தவறியதில்லை. ஸஜானாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் மூன்றாவது ஆளாக அந்தப் பை இருக்கிறது.

"நான் ஒண்டும் செய்யேல்லை உம்மா."

"நாங்களும்தான் அண்டைக்கு ஒண்டும் செய்யேல்லை."

"கஞ்சிக்கு உப்புப் பார். எனக்கு நோன்பு."

வியாழன் நோன்பு. ஸஜானா கரண்டியைத் தூக்கினாள். "நீங்களே நாக்கு நுனியிலை வைச்சுத் துப்பலாம்தானே."

"தொண்டைக்குள்ளை ஒரு துளி இறங்கினால் நோன்பு போச்சு. எனக்கேன் வில்லங்கம்? நீ பார்."

உப்புப் போதவில்லை. ஸஜானா சாடியிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளினாள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெள்ளைத் தூள். பாதியைக் கஞ்சியில் போட்டாள். மீதியைத் தன்னை அறியாமலே நாக்கில் வைத்தாள்.

வைத்த கை அங்கேயே நின்றது.

ஐயாவுக்கும் இதே விரல்கள். இதே சிட்டிகை. காலை, மதியம், மாலை. நெற்றியில் பூசி, மிச்சத்தில் கொஞ்சம்...

போனை எடுத்தாள். "நிவே, ஐயா வாயிலை ஒண்டும் வைக்கேல்லை எண்டு சொன்னனீ."

"ஓமடி. என்ன செய்ய, அதுதானே உண்மை."

"திருநீறு?"

"விசரே உனக்கு? திருநீறு வாயிலை போடுறது சாப்பாடோடி?"

"தொண்டைக்குள்ளை இறங்குதோ இல்லையோ? அதைச் சொல்லு."

"இறங்கும்... ஆனா அதை ஆர் கணக்கிலை எடுக்கிறது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. நாற்பது பேர் கண்ணாடிக்குள்ளாலை பாத்தும் ஒருத்தருக்கும் தெரியேல்லை. சாறு குடிச்ச உடனைதான் பூசுறவர். வாய் ஏற்கனவே கைச்சுக் கிடக்கும். சம்புடத்திலை திருநீறு நிரப்பிறது ஆர்?"

"கஜானன் சேர். எங்கள் எல்லாருக்கும் அவர்தானே அதிலையிருந்து எடுத்துத் தாறவர்." நிவேதனாவின் குரல் மெல்லத் தாழ்ந்தது. "ஸஜா... உபவாசம் தொடங்கின நாளிலையிருந்து அவர் எனக்குத் தரேல்லை. கை நீட்டினன். துடக்கோடை சம்புடத்துக்குக் கிட்ட வராதை எண்டு எல்லாருக்கும் முன்னாலை பேசினவர்."

"உனக்கென்ன துடக்கு?"

"அண்ணிக்குப் பிள்ளை பிறந்ததெல்லே, அந்தத் தீட்டுத்தான். ஆனா அது நடந்து ரெண்டு கிழமை. போன கிழமை நான் துடக்கெண்டு தள்ளி நிக்க, அவர்தான் கூப்பிட்டு, முருகனுக்கு ஏது துடக்கு எண்டு தன்ரை கையாலை தந்தவர்."

"மற்றப் பிள்ளையளுக்கு?"

"உபவாசம் முடியுமட்டும் ஐயாவுக்கு மட்டும்தான் எண்டிட்டார்."

"கஜானன் சேர் தன்ரை வாயிலை போட்டவரோ?"

"நெத்தியிலை பூசினவர். வாயிலை... முந்தி எப்பவும் போடுவார். உபவாசம் தொடங்கின பிறகு போட்டதை நான் காணேல்லையடி."

கழுவிய சம்புடம் பளபளத்தது கண்ணில் வந்தது. "நிவே, திருநீற்றுச் சம்புடத்தைக் கழுவுறதோ?"

"ஏன் கழுவுறான்? முடிய முடியக் கொட்டிறதுதான்."

"பூசின பிறகு விரலிலை மிஞ்சிறதை?"

"நிலத்திலை கொட்டக் கூடாது. சுவாமி படத்துச் சட்டத்திலை தட்டி விடுறது..."

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அது தூசி இல்லை.

"உடனை வெளிக்கிடு. வரேக்கை சந்நிதி முருகன் கோயிலடியிலை இறங்கி ஒரு பொட்டலம் திருநீறு கொண்டு வா."

"எனக்குத் துடக்கடி, உள்ளுக்குப் போகேலாது."

"வெளியிலை நிக்கிற ஆரிட்டையாவது வாங்கு."

அடுத்த அழைப்பு ஷெரோனுக்கு. அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில், "நானொரு வேதக்காரன் தங்கச்சி, சேர்ச்சுக்குப் போறவன்" என்றார். "அவையள் ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லை எண்டுதான் நானும் எழுதினனான். படச் சட்டத்திலை கிடக்கிறதை ஆரும் தொடமுதல் நான் போய் எடுக்கிறன்."

மாலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன். கண்ணாடி அறை.

அற்புதராணி மிஸ் சுவரோடு ஒட்டி நின்றார். ஷெரோன் கதவடியில், நிவேதனா அவருக்குப் பக்கத்தில். ஸஜானா ஒரு வாழையிலைத் துண்டை ஏந்திக்கொண்டு நின்றாள். இலையில் கொஞ்சம் திருநீறு.

"என்ன விளையாட்டு இது?" என்றார் கஜானன். "பிரேதம் எடுத்த இடத்திலை."

"ஐயாவின்ரை படத்தடித் திருநீறு சேர். சம்புடத்தைக் கழுவின நீங்கள் படத்தைத் துடைக்க மறந்திட்டியள்."

அவர் கண் ஒரு கணம் முருகன் படத்துக்குப் போய் வந்தது. கீழ்ச்சட்டம் வெறுமையாக இருந்தது.

"பூசுங்கோ" என்றாள் ஸஜானா.

அவர் சிரிக்கப் பார்த்தார். மூன்று விரலால் தொட்டு நெற்றியில் இழுத்தார்.

"இனி வாயிலை."

"என்ன?"

"எப்பவும் போடுறனியள்தானே. உபவாசம் தொடங்கின நாளிலையிருந்து போடேல்லை. இப்ப போடுங்கோ."

கை உதடு வரை வந்தது. விரல் நுனியில் வெள்ளை. அதற்கு மேல் ஏறவில்லை. ஷெரோன் ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்போது மணி ஐந்து. ஸ்பீக்கர் கரகரத்தது. காலை ஆறுக்கும் மாலை ஐந்துக்கும் தானாகவே ஓடும் பதிவு, ஒருவரும் அதை நிறுத்தி வைக்க நினைத்திருக்கவில்லை.

"மூச்சை உள்ளுக்கு இழுங்கோ" என்றார் ஐயா.

கஜானன் விரலை வேட்டியில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். தோல் உரியும்படி.

"மெதுவா... வயிறு நிறையட்டும்..."

"நிப்பாட்டுங்கோ அதை! ஆராவது நிப்பாட்டுங்கோ!"

நிவேதனா முன்னால் வந்தாள். இலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். நாக்கில் வைத்து விழுங்கினாள். அற்புதராணி மிஸ் கத்தியேவிட்டார்.

"இது இண்டைக்குச் சந்நிதியிலையிருந்து வந்தது சேர்" என்றாள் நிவேதனா. "படத்தடித் திருநீறு பொலிஸிட்டை முத்திரை வைச்சுக் கிடக்கு. முருகனுக்கு ஏது துடக்கு? நீங்கள்தானே சொன்னனியள்."

கஜானன் மடித்த கட்டிலில் சரிந்து உட்கார்ந்தார். ஐயாவின் குரல் மூச்சை வெளியே விடச் சொன்னது. அவர் விட்டார்.

"உபவாசம் முடிய உங்களை எல்லாம் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப் போறன் எண்டவர் ஐயா" என்றார், யாரையும் பாராமல். "உந்தப் பட்டம் ஒரு இடத்திலையும் செல்லாது. ஆஸ்பத்திரியிலையும் எடுக்க மாட்டினம், அரசாங்கமும் எடுக்காது. சேர்க்கேக்கை உங்கடை தாய் தேப்பனுக்குச் செல்லும் எண்டு சொன்னது நான். கையெழுத்தும் என்ரை. அவர் புண்ணியவானாப் போயிடுவார், நான் மறியலிலை கம்பி எண்ணவோ? பட்டினியாலை செத்தவர் எண்டு ஊர் சொல்லும், அதோடை முடியும் எண்டுதான்..."

"முடியேல்லை எண்ட உடனை என்னைக் காட்டினியள்" என்றாள் ஸஜானா.

"நீதானே கைக்கிட்ட இருந்தனீ."

அவ்வளவுதான். கோவம்கூட இல்லை, கைக்குக் கிட்ட இருந்தவள். ஷெரோன் அவரை எழுப்பிக் கூட்டிப் போனார். வாசலில் நின்று, "உந்தக் காலமை சொன்ன உடுப்புக் கதையை மறந்திடும் தங்கச்சி" என்றார். மறப்பதா? போய் ஸ்பீக்கரின் சுவிச்சை அணைத்தாள் ஸஜானா. அறை மூச்சு விடுவதை நிறுத்தியது. ஆனால் பஸ்ஸில் உரும்பிராய்ச் சந்தி தாண்டிய பிறகும் அவள் நெஞ்சு அந்தக் குரலின் தாளத்துக்கே ஏறி இறங்கியது. மூன்று வருசம் அந்தக் குரல்தான் அவளுக்கு மூச்சு விடச் சொல்லித் தந்தது. செல்லாத மூச்சு.

வீட்டுக்குள் நுழையும்போது நோன்பு திறக்கும் பாங்குக்குச் சில நிமிடங்கள் இருந்தன. உம்மா பாயில் பேரீச்சம்பழத் தட்டோடு இருந்தாள். பை கதவுக்கு முன்னால்.

"விட்டுட்டாங்களா?"

"ஓம். ஆளைப் பிடிச்சாச்சு."

"அப்ப படிப்பு?"

"அது பொய் உம்மா. முதலிலையிருந்தே பொய்."

நஜ்முன்னிஸா தட்டை மகள் பக்கம் தள்ளினாள். "அப்ப வேற படி" என்றாள்.

பாங்கு கேட்டது. தட்டில் பழம் இருந்தது, தண்ணீர் எடுத்து வைக்க உம்மா மறந்திருந்தாள். ஸஜானா குனிந்து பையின் ஸிப்பை இழுத்தாள். உள்ளே கையை விட்டுப் போத்தலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், நீட்டினாள்.

உம்மாவின் கை பாதியில் நின்றது. "அது வழிக்கு வைச்சது."

"குடியுங்கோ."

உம்மா குடித்தாள். முதலில் ஒரு மிடறு. பிறகு நிறுத்தாமல், எத்தனையோ காலத் தாகம் போல. மிஞ்சியதை ஸஜானா குடித்து முடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. போத்தல் குசினி யன்னலில் கவிழ்ந்தே கிடந்தது. உம்மா அதை இரண்டு தரம் கடந்து போனாள். நிரப்பவில்லை.