இடதுபக்கம் எடுக்காத படம்

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மதியம் மணி மூன்று. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தேன். கதவுக்குப் பின்னால் யாரும் குதிக்கவில்லை. ஒன்பது நாளாகவே குதிக்கவில்லை. அது தெரிந்தும், இந்தப் பாழாய்ப்போன கை ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்கிறது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "வேற ஒண்ணு வாங்கிக்குங்க" என்கிறார்கள். என்ன, ஃபிரிட்ஜா ரிப்பேர் ஆகிவிட்டது?

எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பான் என்பதால் என் மனைவி வைத்த பெயர். பதினோரு வருடம் மேற்பார்வை பார்த்தான். பிறகு இடது முன்னங்காலில் எலும்புப் புற்று வந்தது. காலை எடுத்தோம். அதற்கப்புறம் எட்டு வாரம்தான் இருந்தான்.

கூடத்தில் பட்டப்பகலிலேயே திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மனைவி நாற்காலியில் கால்களை மேலே தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரல் வைத்தாள்.

"கேக்குதா?"

பழைய வீடு. சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் நீளமாக ஒரு வழி, அது முழுக்க வழுவழுப்பான தரை. அங்கே வெளிச்சம் எப்போதும் குறைவு.

டக்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டக்.

"குழாய் சொட்டுது" என்றேன். போய் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் கை வலிக்கிற வரைக்கும் முறுக்கினேன். குளியலறைக் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. எரிச்சலில் அதைத் தூக்கி எறிந்தேன்.

டக்.

நகம் தரையில் படுகிற சத்தம் எனக்குத் தெரியாதா? மூன்று காலில் அவன் நடந்தபோது தத்தித் தத்தி ஒரு தாளம் இருந்தது. அதற்கு முந்தைய நாலு கால் நடை மழைத்தூறல் மாதிரி கேட்கும். இது இரண்டும் இல்லை. ஒன்று. இடைவெளி. மறுபடியும் ஒன்று.

"ஒத்தக் காலுங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள். "நாம வெட்டிப் போட்டோமே, அந்தக் கால்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அவன் மூணு காலோடதானே போனான். இது தனியா வந்திருக்கு."

சத்தம் அவளைத் தாண்டியது. என் பக்கத்தில் வந்து நின்றது. டெட்டாலும் ஆறாத புண்ணும் கலந்த அந்த வாடை அடித்தது. எட்டு வாரம் தினமும் இந்தக் கையால்தான் நான் கட்டு மாற்றினேன்.

தரையில் ஒன்றும் இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் என் பக்கத்தில்தான் வந்து நின்றது. பேய் என்றால் அலற வேண்டும், கதவைத் தட்ட வேண்டும். இது ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்தது. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "என்னடா வேணும் உனக்கு?" என்று வெற்றுத் தரையைப் பார்த்துக் கத்தினேன்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்கிட்ட வரல. உங்ககிட்டதான் வருது. என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன், இருபத்திரண்டு வருடமாக. மேனேஜருக்கு நோய் என்று தெரிந்ததும் கால்நடை டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: புற்று நுரையீரலுக்குப் போகாமல் இருந்தால் காலை எடுக்கலாம், ஒரு வருடமாவது இருப்பான். போயிருந்தால் எடுப்பதில் அர்த்தமே இல்லை, வீண் சித்திரவதை. அவருடைய மெஷின் பழுதாகிக் கிடந்தது. நானே எடுத்துவிடுகிறேன் என்று மார்தட்டினேன். வலது பக்கம் படுக்கவைத்து ஒன்று, இடது பக்கம் படுக்கவைத்து ஒன்று, மல்லாக்க ஒன்று என்று மூன்று படம் கேட்டார். ஒருக்களித்துப் படுத்தால் கீழே அழுந்துகிற நுரையீரல் சுருங்கிக்கொள்ளும், அதிலிருக்கும் சின்னப் புள்ளி தெரியாது. இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம், ஆளில்லாத நேரத்தில் அவனை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது பக்கம் படுக்கவைத்து எடுத்தேன். சுத்தமாக இருந்தது. இடது பக்கம் திருப்பினேன். கெட்டுப்போன கால் அடியில் மாட்டியது. அவன் கத்திய கத்தலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் அந்த ஒரு படத்தை நீட்டி, "மூணு பக்கமும் எடுத்துட்டேன் டாக்டர், எல்லாம் இதே மாதிரி சுத்தம்" என்றேன். நீங்களே எடுத்ததென்றால் சரிதான் என்று அவரும் நம்பினார்.

ஆறு வாரத்தில் இருமல் வந்தது. அவருடைய மெஷினும் அதற்குள் சரியாகியிருந்தது. புதுப் படத்தில், அன்றைக்கு அடியில் அழுந்தியிருந்த வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஆறே வாரத்தில் எப்படி இவ்வளவு பெரிதாச்சு என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் கத்தியிருப்பான். அவ்வளவுதானே? காலோடயாவது போயிருப்பான்."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பதினொன்றரை மணி. எக்ஸ்ரே அறையில் நான் மட்டும் இருந்தேன். வெளி பெஞ்சில் முதுகுவலிக்காக ஒரு டீச்சர் காத்திருந்தார். ஜன்னல் இல்லாத அறை. ஏசியின் இரைச்சல்.

டக்.

மெஷினுக்கு அடியிலிருந்து வந்தது.

டக்.

மேஜையின் காலருகே வந்து நின்றது.

அப்போதுதான் எனக்கு அது என்ன கேட்கிறது என்று உறைத்தது. படத்தில் இடது பக்கம் என்று காட்டுகிற ஈய எழுத்தை எடுத்து வெறும் மேஜையில் வைத்தேன். அவன் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்துக்கு மெஷினிலிருந்து விழும் வெளிச்சக் கட்டத்தை நகர்த்தினேன்.

"திரும்பிப் படுடா" என்றேன். "இந்தத் தடவை நிறுத்த மாட்டேன்."

தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்தினேன்.

திரையில் கன்னங்கரேலென்று இருட்டு. அதன் மூலையில் ஈய எழுத்து மட்டும் வெள்ளையாக நின்றது. நெஞ்சு இல்லை. எலும்பு இல்லை. ஒரு மண்ணும் இல்லை.

நான் மேஜையை ஓங்கிக் குத்தினேன். எடுத்தாகிவிட்டது, இனி என்னதான் செய்வது? வெறும் மேஜையைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும் கிறுக்கனைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"வாங்க டீச்சர். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

அவர் மெதுவாக ஏறிப் படுத்தார். உடனே தலையைத் தூக்கினார்.

"என்ன சார், மேஜை இவ்வளவு சூடா இருக்கு? இப்பதான் யாராவது எந்திரிச்சுப் போனாங்களா?"

"இல்லையேம்மா."

"சரி, சீக்கிரம் எடுங்க சார். இப்படிப் படுத்தா உயிர் போகுது."

கண்ணாடிக்குப் பின்னால் வந்து மைக்கை அழுத்தினேன். "மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

அவர் மூச்சை விட்டார். விலா அடங்கியது. நிறுத்தினார்.

ஸ்பீக்கரில் மூச்சு நிற்கவில்லை.

கரகரவென்று, உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டு இழுக்கிற மூச்சு. கத்தவில்லை. முனகக்கூட இல்லை. நான் முடித்துவிடுவேன் என்று நம்பிப் படுத்திருக்கிறவனின் மூச்சு.

பட்டனில் என் விரல் அப்படியே இருந்தது. டீச்சர் அசையாமல் கிடந்தார். அந்த மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.