பிரிஞ்சாங் மேட்டுக் கப்பல்

"நில்லுங்க...! அப்படியே நில்லுங்க... அசையாதீங்க!"

பனிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு அம்சவல்லி நின்றேவிட்டாள். காலடியில் பாம்போ? குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தாள். ஈரப் புல். ஒரு நத்தை. அவ்வளவுதான்.

பனியை விலக்கிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். முழங்கால்வரை சேறு, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். அளவு நாடாவின் நுனியை அவள் கையில் திணித்தான்.

"இத மட்டும் பிடிச்சுக்குங்க... ஒரே நிமிஷம்!"

சொல்லிவிட்டு மறுபடி பனிக்குள் மறைந்துபோனான். நாடா விறைத்தது. எங்கோ தூரத்திலிருந்து, "நாப்பது அடி!" என்று ஒரு சந்தோஷக் கூச்சல்.

அவன் திரும்பி வந்தபோது அம்சவல்லியின் மூக்கு நுனி சிவந்திருந்தது. பாதி குளிர், பாதி கோபம்.

"யாருங்க நீங்க? வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவள நிக்க வச்சு வேலை வாங்குறீங்க?"

"மன்னிச்சுக்குங்க. நீங்க நின்ன இடம் அப்படி. சரியா அங்கதான் புகைக்கூண்டு வருது."

"என்ன கூண்டு?"

"கப்பலோட புகைக்கூண்டு லா. இந்த மேட்டுல கப்பல் கட்டப் போறோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மலை மேல கப்பலா? கடலு எங்க இருக்கு?"

அவன் கையை நீட்டினான். பிரிஞ்சாங் மேட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவுகள் எல்லாம் பனியில் மூழ்கியிருந்தன. வெள்ளையாய், அலையலையாய்... கரையே இல்லாமல்.

"இதோ, இதுதான் கடல்" என்றான்.

அம்சவல்லி பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த பனி. முதல் தடவையாக அது கடல் போல இருந்தது. பனிக்கு அப்பால் ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து போவது போலவும் இருந்தது... அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. நாடாவைக் கீழே போட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

'என்ன தப்பாச் சொல்லிட்டேன்?' சேற்றில் கிடந்த நாடாவைச் சுருட்டியபடி அவன் நின்றான். அவளுடைய கண்கள் மட்டும் அவனுக்குப் பனிக்குள்ளேயே மிச்சமிருந்தன.

அவன் பெயர் வேலப்பன். மலைக்குக் கீழே ஈப்போ நகரில் சினிமா பேனர் வரைபவன். அந்த வருஷம், எண்பத்திரண்டில், ஈப்போவில் ஒரு கப்பல் படம் நூறு நாள் ஓடியது. கலங்கரை விளக்கக் காவல்காரன் மகளுக்கும் கப்பல் எஞ்சினியருக்கும் காதல். கடைசியில் கப்பல் புறப்பட, அவள் துறைமுகம் முழுக்க ஓடி ஓடிக் கையசைப்பாள். கப்பல் திரும்பி வராது. ஈப்போவே அழுதது.

பிரிஞ்சாங் மேட்டில் கேளிக்கைப் பூங்கா கட்டிக்கொண்டிருந்த முதலாளி, சீனத் தவுக்கேவுக்கு, அதைப் பார்த்து ஓர் ஆசை வந்தது. பூங்காவின் புதுப் பகுதி முழுவதையும் அந்தப் படம் மாதிரியே அமைத்தால் என்ன? ஆனால் சந்தேகமும் இருந்தது. "அந்தப் படம் இங்க பொருந்துமா, பொருந்தாதா? ரெண்டு வாரம் தங்கிப் பாரு. ஜனங்கள கேளு. வரைஞ்சு காட்டு" என்று வேலப்பனை அனுப்பியிருந்தார். பொருந்தும் என்று முடிவானால் மொத்த வேலையும் அவன் பொறுப்பில். வெயிலில் காய்ந்து மழையில் கரையும் பேனர்களிலிருந்து அவனுக்கு விடுதலை.

அம்சவல்லிக்கு இருபத்தைந்து வயது. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் வேலை. எஸ்டேட் லைன் வீட்டில் அவளும் அப்பா பக்கிரிசாமியும் மட்டும். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குப் போய், மைமூன் அக்கா கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புவாள். வாரத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

அந்த ஞாயிறு தானா ராத்தாவில் கொட்டோ கொட்டென்று மழை. கடையில் இருந்த ஒரே காலி நாற்காலி அவள் எதிரில்.

"புகைக்கூண்டு... நல்லா இருக்கீங்களா?"

நிமிர்ந்தாள். நனைந்த தலை, கக்கத்தில் பிளாஸ்டிக் சுற்றிய காகிதச் சுருள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"அப்பாடி... சிரிச்சீங்க! அன்னிக்கு என்ன தப்புப் பண்ணினேன்னு மூணு நாளா மண்டையக் குடையுது."

"தப்பு ஒண்ணுமில்ல. எனக்குக் கப்பல் பிடிக்காது."

"அந்தப் படம் பாக்கலியா?"

"பாத்தேன். எஸ்டேட் திடல்ல மூணு தடவை போட்டாங்க. மூணு தடவையும் இடைவேளையில எழுந்து வந்துட்டேன்."

மைமூன் அக்கா தேத்தண்ணியை ஆற்றியபடியே ஒரு கண்ணை இவர்கள் மேல் வைத்திருந்தாள். கேட்காமலே இன்னொரு கிளாஸ் வந்தது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஃபேக்டரி சங்கு ஊதினால் மேட்டுப் பாதையில் அவன் நின்றான். நாடாவைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பான். அளந்ததையே மறுபடி அளப்பான். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்தாள்.

"நான் ஆறடிக் கண்ணு வரைஞ்சிருக்கேன்" என்றான் ஒருநாள். "அந்தப் பட ஹீரோயினோட கண்ணு. சாரத்துல தொங்கிக்கிட்டு ரெண்டு நாள் வரைஞ்சேன். அவ்ளோ பெரிய கண்ணு... அது ரோட்டப் பாக்குது, ஜனத்தப் பாக்குது. வரைஞ்சவன மட்டும் பாக்கல."

"ஈப்போவுல உங்களப் பாக்க யாரும் இல்லியா?"

"ஒரு ரூம்பு. நாலு பிரஷ்ஷு. கதவத் தட்டுறவன்கூட பேனர் எப்ப வரும்னுதான் கேப்பான்."

அம்சவல்லி குனிந்துகொண்டாள். 'என்னை மாதிரியே...' பனி அவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து போனது. அவன் முகம் மறையும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு சின்னத் திடுக்கிடல். மறுபடி தெரியும்போது மூச்சு வந்தது.

பத்தாம் நாள் அவன் படங்களை விரித்துக் காட்டி, இந்த ஊருக்குப் பொருந்துமா என்று கேட்டான். கப்பல், ஏணி, கொடிகள்... கடைசித் தாளில் துறைமுகம். கரையில் நிற்கும் பெண்கள் கையசைத்து அழுகிறார்கள்.

"இதான் அம்சா முக்கியமான இடம்! ஜனங்க கரையில நிப்பாங்க. கப்பல் ஊதும். அவங்க நிக்கிற பலகை மெல்ல நகரும்... கப்பல் நிஜமாவே கிளம்பிப் போற மாதிரி இருக்கும். எல்லாரும் கை காட்டுவாங்க."

அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள். "அழுவுறதுக்கு டிக்கெட் போடுறீங்களா?"

"என்ன?"

"எங்கம்மா இப்படித்தான் போனாங்க."

அவள் சொன்னாள். எழுபதாம் வருஷம். சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத அடையாள அட்டை, வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்றார்கள். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு. கைக்குழந்தைத் தம்பியோடு அம்மா பினாங்குத் துறைமுகத்தில் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினாள். 'ஆறு மாசத்துல வந்துடுறேன்' என்றாள். ரெண்டு கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தை மாமா எழுதியிருந்தார். காய்ச்சலில் அம்மா போய்விட்டாளாம். தம்பி மாமாவிடமே தங்கிவிட்டான்.

"இந்த எஸ்டேட்ல வீட்டுக்கு ஒருத்தர் அப்படிப் போயிருக்காங்க. எங்க தலைக்கு மேலயே அத வெளாட்டாக் கட்டப் போறீங்க. பொருந்துமான்னு கேட்டீங்கள்ல? பொருந்தாது."

வேலப்பனுக்கு மனசு வலித்தது. ஆனால் பத்து வருஷம் சாரத்தில் தொங்கியவனின் ரோஷம் முந்திக்கொண்டது.

"ஒருத்தர் அழுதாங்கன்னு ஊரே சந்தோஷப்படக் கூடாதா? என் வாழ்க்கையில வந்த ஒரே வாய்ப்பு இது."

"கட்டுங்க. நான் யாரு தடுக்க?"

போய்விட்டாள். அடுத்த நாள் சங்கு ஊதியபோது மேட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியே வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். அவனும் தேடி வரவில்லை. இரண்டு பேருக்கும் அந்த நாட்கள் ரொம்ப நீளமாக இருந்தன...

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக் காளியம்மா வந்து வாசலில் உட்கார்ந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் கறுத்தவள்.

"வல்லி, அந்தப் படம் வரையிற தம்பி வீடு வீடா வந்து கேட்டுச்சு. கட்டுன்னு சொல்லிட்டேன்."

"அக்கா! உங்க தங்கச்சியும் அந்தக் கப்பல்லதானே..."

"அதான் சொன்னேன். அவ போன அன்னிக்குக் எஸ்டேட் ஆபீஸ் கிராணி லீவு குடுக்கல. அவ கப்பல் ஏறுறா, நான் கொழுந்து பறிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு தடவை கை காட்டல வல்லி. பொய்க் கப்பலா இருந்தா என்ன... நின்னு காட்டிட்டு வந்துடுவேன்."

 அன்று சோறு போடும்போது அம்சவல்லி அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா... கப்பல் கிளம்புறப்ப அம்மா கை காட்டுனாங்களா?"

பக்கிரிசாமியின் கை தட்டிலேயே நின்றது.

"காட்டுனா. நீ என் சட்டையில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்ட. நீ பாக்கலன்னு அவளுக்குத் தெரியும். அதனால ரொம்ப நேரம் காட்டுனா... கப்பல் சின்னப் புள்ளியா ஆகுறவரைக்கும்."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. மகளின் தலையில் கையை வைத்தார். அவள் அழுது தீர்த்தாள்.

'நாளைக்குப் போய்ச் சொல்லிடணும். கட்டுங்கன்னு மனசாரச் சொல்லிடணும்...'

விடிந்ததும் மைமூன் அக்கா கடைக்கு ஓடினாள். கடையின் மாடியில் வேலப்பன் தங்கியிருந்த அறை காலியாகக் கிடந்தது.

"இப்பத்தான் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போச்சு. மலைக்குக் கீழ தாப்பா டவுனுக்குப் போற பஸ்ஸுக்கு" என்றாள் மைமூன். "நேத்து தவுக்கேவோட மவன் வந்திருந்தான். படமெல்லாம் பாத்துட்டு, அழுவுற பொம்பளைங்க நடுவுல நாலு கோமாளிய நிக்க வைன்னான். ஜனம் அழுதா மறுபடி வராதாம், சிரிச்சாத்தான் வருமாம்! இந்தத் தம்பி முடியாதுன்னுடுச்சு. அப்படின்னா இந்தப் படம் உங்க பூங்காவுக்குப் பொருந்தாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு. 'அப்ப நீயும் எங்களுக்குப் பொருந்தல'ன்னு அவன் எழுந்து போயிட்டான். கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாமாம். இனிமே கோலாலம்பூர்லேர்ந்து வேற ஆளு வந்து வேற எதையோ கட்டப் போறானாம்... ஏய், இங்க நிக்கிறியே! ஓடு!"

மழை தூறத் தொடங்கியிருந்தது. பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு காலை வைத்திருந்தவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அம்சா..."

அவளுக்கு மூச்சு வாங்கியது. சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோனது.

"ஏன் சொல்லாம போறீங்க?"

"என்னன்னு சொல்றது? வேலை போயிடுச்சுன்னா? ஒரு விஷயம்... உங்களுக்காக விட்டுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க."

"நினைக்கல. நினைச்சா கோவம்தான் வரும்."

"காளியம்மா கை காட்டணும்னு சொன்னாங்க. நீங்க பாக்கவே முடியாதுன்னு சொன்னீங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோமாளிய எங்க வரையிறது? கை வரல, அம்சா."

டிரைவர் ஹார்ன் அடித்தார். "ஏறுறியா, இல்லியா லா?"

அம்சவல்லி குடையை விரிக்கவே மறந்திருந்தாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து நீர் சொட்டியது. அந்தக் கண்கள், மழையில் கழுவின கறுப்புக் கண்கள், முதல் தடவையாக விலகாமல் அவனையே பார்த்தன.

"நான் இதுவரைக்கும் யாரையும் போகாதீங்கன்னு சொன்னதில்ல. எங்கம்மாகிட்டகூட. சொன்னா நின்னுடுவாங்களா, தெரியல... உங்ககிட்டச் சொல்லிப் பாக்குறேன்..."

பஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். 

"போகாதீங்க."

வேலப்பன் படிக்கட்டிலிருந்து காலை எடுத்தான். பெட்டியை இறக்கித் தரையில் வைத்தான். பஸ் நகர்ந்து, வளைவில் திரும்பி, பனிக்குள் போய்விட்டது.

"என்கிட்ட வேலை இல்ல" என்றான் மெதுவாக.

"பக்கத்துல ரிங்லெட் டவுன் கடைங்களுக்கெல்லாம் போர்டு வரைய ஆளே இல்ல. துரை பங்களா வேலிக்குக்கூட பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு. ஊர்ப்பட்ட வேலை இருக்கு."

"அதெல்லாம் எத்தனை நாளைக்கு?"

"நீங்க கேளுங்க... எத்தனை நாளைக்குன்னு நான் சொல்றேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஈப்போ தெருக்களில் ஆயிரம் காதல் முகங்களை வரைந்தவனுக்குத் தன் காதலைச் சொல்ல வார்த்தை திக்கியது.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, அம்சா... அளந்ததையே ஏன் திரும்பத் திரும்ப அளந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா பிடிச்சீங்க?"

"எனக்கும் பிடிச்சிருந்துச்சே... அதான்."

சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. மழை வலுத்தது. அவள் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, அப்பா வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள போயிடலாம்" என்றாள். "அவர் அதிகம் பேச மாட்டாரு. நீங்களே பொண்ணு கேட்டுடுங்க."